உத்தியோகம் குலப்பெயரான கதை

கேள்வி: எங்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலில் பாண்டியரின் இரட்டைக் கயல் இருக்கிறது. அந்தப் பாண்டியரின் தளபதி வழிவந்து யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வடநாட்டாரா?
– வாசகர், திருகோணமலைத் துறைமுகம்

பதில்: அவ்வளவு தூரம் போக வேண்டாம், இராமேசுவரம் போதும்! சேதுக்கரைப் பிராமணர் தொடர்பால் ‘ஆரியர்’ என்ற பெயர் வந்தது என்பதே பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. ஆரியச்சக்கரவர்த்திகள் தம் காசுகளிலும் ‘சேது’ என்றே பொறித்தார்கள். ‘ஆரியச்சக்கரவர்த்தி’ முதலில் அரசப் பட்டமே அல்ல. மாறவர்மன் குலசேகர பாண்டியனின் அதிகாரிகள் பலர் அதைச் சுமந்தார்கள். 1284 அளவில் யாப்பகூவாவிலிருந்து புத்தரின் புனிதப் பல்லைப் பாண்டிய நாட்டுக்குக் கொண்டுபோன தளபதியையும் சூளவம்சம் அந்தப் பெயராலேயே குறிக்கிறது. பின்னர் யாழ்ப்பாணத்தில் அரியணை கிடைத்தது. உத்தியோகப் பெயரே குலப்பெயராக நிலைத்தது. 1344இல் இபின் பதூதா புத்தளத்தில் சந்தித்த மன்னரையும் அப்படித்தான் எழுதினார்.

ஐரோப்பாவிலும் அதிகாரி அரியணை ஏறிய கதை உண்டு. பிராங்கிய மன்னரின் அரண்மனை நிர்வாகியாக இருந்த பெப்பின் 751இல் தானே அரசரானார். அவருடைய தந்தை சார்லஸ் மார்ட்டெல், மகன் சார்லமேன். இருவருக்கும் பொதுவான சார்லஸ் என்ற பெயரால் அது கரோலிங்கிய வம்சமாயிற்று. அவர்கள் ஆளின் பெயரைக் குலத்துக்குச் சூட்டினார்கள்; நம்மவர்கள் பார்த்த வேலையின் பெயரைச் சூட்டினார்கள். உழைத்துப் பெற்ற பெயருக்கே என் ஓட்டு!