எரிந்த கட்சி, எரியாத கட்சி

கினிகத்தேனையில் மழை பெய்யாத நாளைத்தான் காலண்டரில் வட்டம் போட்டுக் குறிக்க வேண்டும். மழை நாளில் செய்வதற்கு இரண்டு வேலை உண்டு. காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கலாம், இல்லாவிட்டால் டீவி பார்க்கலாம். கரண்ட்? லக்சபான மின்சாரம் எங்கள் தலைக்கு மேலேதான் கம்பி வழியாகக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது; தோட்டத்து லயத்தில் இறங்கி ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க அதற்கு நேரமில்லை. ஆகவே தொண்ணூறுகளில் தீபாவளி வந்தால் ஜெனரேட்டரும் டெக்கும் வாடகைக்கு எடுப்போம். கொழும்பில் கடைகளில் நின்ற பையன்கள் லீவில் வரும்போது கெசட் கொண்டுவருவார்கள். இஸ்தோப்பில் இடமில்லாமல் முற்றம் வரைக்கும் சனம் நிற்கும்.

அப்படி ஒரு தீபாவளிக்கு வந்த கெசட்டில் 1990 ஏப்ரல் 1 டொரொண்டோவில் நடந்த ஆறாவது ரெஸ்ல்மேனியா என்ற ரெஸ்லிங் திருவிழா இருந்தது. ஒரு பக்கம் பேட் நியூஸ் பிரவுன், அதாவது கெட்ட சேதி பிரவுன். சிரிப்பென்றால் என்னவென்றே தெரியாத ஆள். அம்மாயிக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. "கறுப்பண்ணசாமி மாதிரியே நிக்கிறான்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபக்கம் ரவுடி ரொடி பைப்பர் என்ற வெள்ளைக்காரர், உடம்பின் பாதிக்கு மட்டும் கறுப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தார். இன்றைக்கு யாராவது அப்படி மேடை ஏறினால் அன்று இரவே வேலை போய்விடும். அன்றைக்கு அது கலை. இருவரும் ரிங்குக்கு வெளியே விழுந்து உருண்டார்கள், மத்தியஸ்தர் பத்து எண்ணி முடித்தார், யாருக்கும் வெற்றி இல்லை.

உடனே லயத்தில் சண்டை. "எல்லாம் நடிப்பு, முன்கூட்டியே பேசி வச்சிக்கிறானுங்க" என்றார் மாமா. "அடி விழுற சத்தம் காதுல கேட்கலையா?" என்றார் பெரியப்பா. டீவியில் முடியாத சண்டை இஸ்தோப்பில் முடிந்துவிடும் போலிருந்தது. அம்மாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "போன மாசியில நம்ம காமன் எரிஞ்சானே, அது நெசமா, நடிப்பா? அத மொதல்ல சொல்லுங்க."

இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொண்டது. காமன் கூத்தில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். மூன்றாம் நாள் அவன் எழும்புவான் என்பதும் தெரியும். வேசம் கட்டியிருப்பது பக்கத்துக் காம்பராக்காரர் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் ரதி ஒப்பாரி வைக்கும்போது லயமே கண்ணைத் துடைக்கும். தமிழ்நாட்டில் லாவணிக்காரர்கள் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று ஒரு கட்சியுமாக உட்கார்ந்து விடிய விடியப் பாட்டாலேயே மோதுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று அதற்குப் பெயர். ஒரு கட்சியும் மற்றதை ஒழித்துக்கட்டியதில்லை. ஒழித்துவிட்டால் அடுத்த வருசம் யாரோடு பாடுவது?

ஜப்பான்காரர்களுக்கு இந்த அம்மாயி கிடைக்கவில்லை. அதனால் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

1882இல் கானோ ஜிகோரோ என்ற மெலிந்த வாத்தியார் தோக்கியோவில் ஒரு கோவிலில் பன்னிரண்டு பாய் விரித்து ஜூடோ சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். முதல் பாடம் எறிவதல்ல, விழுவது. கையால் பாயைத் தட்டி, முதுகை வளைத்து, எலும்பு முறியாமல் விழக் கற்ற பிறகுதான் மற்றவரைத் தொடவே விடுவார்கள். அந்தப் பாடத்தைக் காசாக்கலாம் என்று பின்னால் ஒரு கூட்டம் கண்டுபிடிக்கும் என்று கானோ நினைத்திருக்க மாட்டார். 1938இல் கப்பலில் போகும்போதே கண்ணை மூடினார், 1954ஐப் பார்க்கவில்லை. கொடுத்துவைத்தவர்.

1954இல் ஜப்பானில் டீவி புதுசு. வீட்டுக்கு வீடு கிடையாது. தெருவில் ஒரு பெட்டியை வைத்தார்கள், ஆயிரக்கணக்கில் சனம் நின்றது. (எங்கள் முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள், மழையை மட்டும் கழித்துவிட்டு.) பெட்டிக்குள்ளே ரிக்கிடோசான் என்ற வீரர், போரில் தோற்ற தேசத்தின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக ஷார்ப் சகோதரர்கள் என்ற அமெரிக்க அரக்கர்களைக் கையால் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஜப்பானின் அந்த மானம் கொரியாவில் பிறந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. அமெரிக்க அரக்கர்களோ கனடாக்காரர்கள். மொத்தத்தில் அன்றிரவு உண்மையாக இருந்தது மின்சாரம் மட்டும்தான்.

ரிக்கிடோசானுக்குக் கூட்டாளியாக நின்றவர் கிமுரா மசாஹிகோ. ஜூடோவில் அவரை வெல்ல ஆளில்லை என்று பேர் எடுத்தவர். ஒலிம்பிக்கில் ஜூடோ சேர்வதற்குள் வயசு போய்விட்டது. அதே வருசம் டிசம்பர் 22இல் இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். சமநிலையில் முடிப்பது என்றுதான் பேச்சு என்று கிமுரா பின்னாளில் சொன்னார். நடுவில் ரிக்கிடோசானுக்கு என்ன தோன்றியதோ, பேச்சை மறந்து நிஜமாகவே அடித்துக் கிமுராவைப் படுக்கவைத்துவிட்டார். காமன் கூத்தில் சிவன் வேசக்காரர் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தால் எப்படியிருக்கும்? அதுதான் நடந்தது.

அந்த நாட்களில் நம் பக்கத்திலும் கிங்காங், தாராசிங் என்று ஒரு ஜோடி ஊர் ஊராக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஹங்கேரியில் பிறந்து சிங்கப்பூரில் குடியிருந்த கிங்காங் 1955இல் ஜப்பானுக்கும் போய் ரிக்கிடோசானிடம் தோற்றுவிட்டு வந்தார். தாராசிங் 1987இல் தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமாராக வந்து சஞ்சீவி மலையைத் தூக்கினார். முகத்தில் சிரமமே தெரியாது. கிங்காங்கைத் தூக்கிப் பழகிய கைக்கு மலை என்ன கனம்?

ஒலிம்பிக் கதை 1964இல் தொடங்குகிறது. தங்கள் ஊரில் நடக்கும் ஒலிம்பிக், தாங்கள் பெற்றெடுத்த ஜூடோ, நாலு பிரிவு, நாலு தங்கம் என்று ஜப்பான் இலை போட்டு உட்கார்ந்தது. மூன்று பரிமாறியாயிற்று. நாலாவதற்கு நெதர்லாந்திலிருந்து ஆறரை அடி உயரத்தில் அந்தோன் கேசிங்க் வந்து, கமினாகா அகியோவைப் பாயில் அமுக்கி மேலே படுத்துக்கொண்டார். அரங்கம் இழவு வீடானது. குதூகலத்தில் பாய்க்கு ஓடிவந்த தன் நாட்டு ரசிகர்களைக் கேசிங்க் கையைக் காட்டித் தடுத்து நிறுத்தி, தோற்றவருக்குத் தலை வணங்கினார். ஜப்பான் அவரைக் கும்பிட்டது.

கும்பிட்டால் வயிறு நிறையுமா? 1973இல் அவர் ஜயண்ட் பாபாவின் ரெஸ்லிங் கம்பனிக்கு வேலைக்கு வந்தார். அதற்கு முன்பே ஒரு படத்தில் சாம்சன் வேசம் கட்டியவர் என்பதால் நடிப்பு வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வரவில்லை. நிஜத்தில் அவரை வீழ்த்துவது லேசான வேலையில்லை என்பதால் பொய்யாக வீழ்வது எப்படியென்று அவருக்குப் பிடிபடவில்லை. மரம் மாதிரி நின்றார், மரம் மாதிரி விழுந்தார். 1978இல் கடையைக் கட்டிக்கொண்டு போனவர், பின்னர் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் உறுப்பினரானார். அங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பொருந்திவிட்டது.

இன்னொரு நெதர்லாந்துக்காரர் வில்லெம் ருஸ்கா. 1972 மியூனிக்கில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு ஜூடோ தங்கம் வாங்கியவர். தனிநபர் பிரிவுகளில் வேறொருவரும் அதைச் செய்ததில்லை. 1976 பெப்ரவரி 6 அன்று அன்டோனியோ இனோக்கியிடம் பேசிவைத்தபடி தோற்றார். இனோக்கியும் பாபாவும் ரிக்கிடோசானின் சீடர்கள். இருவரும் ஒரே நாளில் மேடை ஏறி, பிறகு ஆளுக்கொரு கம்பனி தொடங்கியவர்கள். ருஸ்காவை உருட்டியதும் இனோக்கிக்குத் தலை கிறுகிறுத்தது. ஜூன் 26 அன்று முகமது அலியையே கூப்பிட்டார். பதினைந்து சுற்றிலும் பெரும்பாலும் மல்லாந்து படுத்தபடி அலியின் காலை உதைத்துக்கொண்டிருந்தார். சமநிலை. அந்த வருச முடிவில் கராச்சிக்குப் போய் காமா பயில்வானின் குடும்பத்து அக்ரம் பயில்வானோடு மோதினார். அங்கே கூத்து நிஜமாகி அக்ரமின் கை போனது. ஒரே வருசத்தில் ஒரு பொய், ஒரு நிஜம், நடுவில் என்னவென்றே சொல்ல முடியாத ஒன்று. மூன்றுக்கும் டிக்கெட் விற்றதுதான் இனோக்கியின் மேதைமை.

இனி அம்மாயியின் கறுப்பண்ணசாமிக்கு வருவோம். அவருடைய சொந்தப் பெயர் அலன் கோஜ். நியூயோர்க்காரர். 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் பாரப் பிரிவு ஜூடோவில் வெண்கலம். அப்போது வயசு முப்பத்திரண்டு. கொஞ்சக் காலம் பாடகி அரீத்தா பிராங்க்ளினுக்கு மெய்க்காப்பாளராக நின்றார். 1977இல் இனோக்கியின் பயிற்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மற்றவர்கள் மேடையில் வீரன் வேசம் கேட்டு நின்றபோது இவர் வில்லன் வேசத்தை எடுத்துக்கொண்டார். விழத் தெரிந்தவருக்கு எழும்பவும் தெரியும். யாரோடும் சேராத, யாரையும் நம்பாத, கூட்டாளியையே முதுகில் குத்துகிற ஆளாக அவர் மேடையில் வந்தால் கடைசி வரிசைக்கும் பயம் போய்ச் சேர்ந்தது. 1988 ரெஸ்ல்மேனியாவில் இருபது பேர் மோதியதில் கடைசியில் மிஞ்சியது இவரும் பிரெட் ஹார்ட்டும். பரிசைப் பங்கு போட்டுக்கொள்வோம் என்று கை கொடுத்தார். கை கொடுத்த சூடு ஆறுமுன்னே பிரெட்டை வெளியே எறிந்துவிட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டார். பிரெட் திரும்பி வந்து கோப்பையை உடைத்தே போட்டார்.

1990இல் ஜேக் ரொபர்ட்ஸ் என்பவர் மலைப்பாம்போடு மேடைக்கு வருவார் என்று தெரிந்து, ஹார்லெம் சாக்கடை எலி என்று சொல்லி ஒரு பெட்டியோடு வந்தார் கோஜ். பாம்புக்கு எலியைக் காட்டிப் பயமுறுத்த நினைத்த முதல் ஆள் இவராகத்தான் இருக்க வேண்டும்.

மேடைக்கு வெளியே அவர் வேசம் கலைத்த ஒரு கதையை ரெஸ்லிங்காரர்கள் சொல்வார்கள். ஒரு சுற்றுப்பயணப் பஸ்ஸில் ஆந்த்ரே என்ற ஏழடி ராட்சதர் கறுப்பர்களைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிய கோஜ், கீழே வா என்று கூப்பிட்டார். ஆந்த்ரே சீட்டை விட்டு அசையவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டாராம். அந்தச் சண்டைக்கு யாரும் டிக்கெட் விற்கவில்லை, அதனால் நடக்கவும் இல்லை.

ரெஸ்ல்மேனியா நடத்திய கம்பனியின் முதலாளி வின்ஸ் மெக்மஹன் தன்னை முதல் கறுப்பின சாம்பியனாக்குவதாக வாக்குக் கொடுத்து ஏமாற்றினார் என்று சொல்லிவிட்டு 1990இல் கோஜ் வெளியேறினார். அமெரிக்க வாசகருக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். தோட்டத்தில் 2015இல் கேட்ட ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை 2021இல் கண்ணால் கண்ட நமக்கு, அடுத்த ஒப்பந்தத்தில் பார்ப்போம் என்ற வசனம் பிறவியிலேயே தெரியும். எங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையிலும் மேசையைத் தட்டுவார்கள், எழுந்து வெளிநடப்புச் செய்வார்கள், கமராவைப் பார்த்துச் சவால் விடுவார்கள். ரிங்கும் கயிறும்தான் இல்லை.

நடுவில் ஓகாவா நாயோயா என்று ஒருவர். 1992 பார்சிலோனாவில் ஜூடோ வெள்ளி. 1999 ஜனவரி 4 அன்று தோக்கியோ டோமில் ஹஷிமோட்டோ என்ற ரெஸ்லிங்காரரோடு மோதும்போது, நாற்பத்தைந்து வருசத்துக்கு முந்தைய ரிக்கிடோசான் பேய் பிடித்து, நிஜமாகவே மிதித்துவிட்டார். இரு பக்கத்து ஆட்களும் ரிங்குக்குள் ஏறி அடித்துக்கொண்டார்கள். ஜப்பானில் அன்றிரவு எரிந்த கட்சிக்கு ஏக வெற்றி.

ரொண்டா ரவுசியை இந்தத் தலைமுறைக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அம்மா 1984இன் உலக ஜூடோ சாம்பியன். மகள் 2008 பெய்ஜிங்கில் வெண்கலம். ஒலிம்பிக் ஜூடோவில் பதக்கம் வாங்கிய முதல் அமெரிக்கப் பெண். பிறகு கூண்டுச் சண்டைக்குப் போய் எதிராளிகளின் கையை முறுக்கி ராணியாக இருந்தார். 2016 கடைசியில் அமண்டா நூனெஸ் அவரை 48 செக்கனில் முடித்தார். பீலியில் ஒரு குடம் தண்ணீர் நிறைய அதைவிட நேரமெடுக்கும்.

2018 ஜனவரியில் ரெஸ்லிங் மேடைக்கு வந்தபோது அவர் போட்டிருந்த ஜக்கெட், செத்துப்போன ரொடி பைப்பருடையது. பைப்பரின் மகன் கொடுத்தது. ரவுடி என்ற பட்டத்தையும் பைப்பரின் சம்மதத்தோடுதான் வைத்துக்கொண்டார். இருவருக்கும் பொதுவான குரு ஜீன் லெபெல், அமெரிக்க ஜூடோ சாம்பியனாக இருந்து ரெஸ்லிங்குக்கு வந்த பழம் பெருச்சாளி. அலியும் இனோக்கியும் படுத்து எழும்பிய அந்தப் பதினைந்து சுற்றுக்கும் மத்தியஸ்தர் அவரேதான். ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரே தவில்காரர் இருப்பாரே, அந்த மாதிரி.

ரவுசி நன்றாகவே செய்தார். 2019இல் ரெஸ்ல்மேனியாவின் கடைசிச் சண்டை முதன்முறையாகப் பெண்களுக்குக் கிடைத்தது, அதில் அவரும் ஒருவர். ஆனால் 2020இல் ஒரு பேட்டியில் ரெஸ்லிங் பொய்ச் சண்டை என்று வாய் தவறாமலே சொல்லிவிட்டார். உலகமெங்கும் ரசிகர்கள் கொதித்தார்கள். பொய்யென்று அவர்களுக்குத் தெரியாதா? எங்களுக்கும்தான் தெரியும். அதற்காகக் காமன் எரிகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "நான் மன்மதன் இல்லை, மூணாம் லயத்துக்காரன், இந்த நெருப்பும் சும்மா" என்று சொல்லலாமா? ரதி ஒப்பாரியை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

பைப்பரின் அந்தக் கறுப்புப் பெயிண்டுக்குப் பின்கதை ஒன்று உண்டு, அவரே சொன்னது. அதைக் கழுவத் தனியாக ஒரு மருந்து வைத்திருந்தாராம். நம்ம ஆந்த்ரேயும் இன்னொரு குறும்பரும் மருந்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டார்களாம். தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, பாதிக் கறுப்போடேயே வீட்டுக்கு விமானம் ஏறினாராம்.

எங்கள் டிவிசனிலும் அப்படி நடந்திருக்கிறது. காமன் எரிந்த மறுநாள் விடியக் காலையில், வேசம் கட்டியவர் நாட்பேர் போடும் பெரட்டுக்கு வந்து நின்றார். பீலித் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தும் ஒரு கன்னத்து அரிதாரம் போகவில்லை. கங்காணி மேலும் கீழும் பார்த்தார்.

"செத்தவன் நாளன்னைக்குத்தானே எழும்பணும்? இன்னைக்கு என்னத்துக்குப் பேர் கேட்கிற?"

"வயிறு செத்துப்போகலையே, கங்காணி."

கங்காணி இன்னொரு தடவை அந்தக் கன்னத்தைப் பார்த்துவிட்டு அரைப்பேர் போட்டார்.