தண்ணி விழுதா?

ஜூன் பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக எட்டிப் பார்த்தால் போதும், பண்பொழிக்காரனுக்குச் சொந்தபந்தம் பெருகிவிடும். தீபாவளிக்குக்கூடப் போன் போடாத சென்னைச் சித்தப்பா நலம் விசாரிக்காமலே கேட்பார்: "ஏல, குத்தாலத்துல தண்ணி விழுதா?"

எங்கள் ஊரில் இருப்பது திருமலைக் குமாரசாமி கோயில், மெயினருவி அல்ல. சொன்னால், "பைக்கை எடுத்துட்டுப் போய் ஒரு எட்டு பாத்துட்டு சொல்லுய்யா" என்பார். "நல்லா விழுது சித்தப்பா" என்று சொல்லிவைத்து, அவர் வந்து இறங்கும் நேரம் வெள்ளம் வந்து போலீஸ் தடை போட்டால், அதற்கும் நான்தான் ஜவாப்தாரி.

சாரலோ ஊருக்கு வருபவர்களுக்குத்தான் கவிதை. கொடியில் கிடக்கும் வேட்டி, ஆபீசில் கொடுத்த மனு மாதிரி அப்படியே கிடக்கும். 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டதால், மனு கொடுக்கத் திருநெல்வேலி வரை அலைய வேண்டியதில்லை. வேட்டி காயத்தான் ஆலங்குளம் வரை போகவேண்டும் போலிருக்கிறது.

ஆனாலும் ஒன்று. ஐந்தருவியில் முன்பின் தெரியாத முதுகுகளுக்கிடையே தலையை நுழைத்து, நடுங்கிக்கொண்டே வெளியே வந்து, பிரானூர் பார்டரில் சுடச்சுடப் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சால்னாவை ஊற்றினால், சித்தப்பாமேல்கூடப் பிரியம் வந்துவிடுகிறது. பில்லை அவர் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

சொந்தக்காரர்களே, தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். அப்போது அருவி வற்றியிருக்கும், ஆனாலும் வரலாம்.