நீங்களும் ஆகலாம் ஜெர்மன் குடியானவர்!

சொந்தமாகக் கொஞ்சம் நிலம், ஒரு ஜோடிக் குதிரை, நாலு பசு, புகைபோக்கி வைத்த வீடு. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. 1500-க்கும் 1850-க்கும் நடுவே ஜெர்மன் நாடுகளில் குடியானவராகப் பிழைக்க நினைப்பவர்களுக்காகவே இந்தக் கையேடு. ஜெர்மனி என்று ஒரே நாடு அப்போது கிடையாது. சமஸ்தானங்கள், மடங்கள், தனி நகரங்கள் என்று நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சட்டம், ஒரு வழக்கம். குழப்பம் வேண்டாம். கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து.

1. பிறக்கும் ஊரைப் பார்த்துப் பிறக்கவும்

எல்பே ஆற்றை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கிலும் தெற்கிலும் பிறந்தால் ஆண்டை தூரத்தில் இருப்பார். தானியமும் காசும் வந்து சேர்ந்தால் போதும் என்பார். ஆனால் தென்மேற்கில் ஒருவருக்கே மூன்று ஆண்டைகள் வாய்க்கலாம்: நிலத்துக்கு ஒருவர், வழக்குக்கு ஒருவர், உங்கள் உடம்புக்கு ஒருவர். மூன்று வாசலிலும் கும்பிடு போட வேண்டும்.

கிழக்கே பிராண்டன்பர்க், பொமரேனியா, மெக்லன்பர்க் பக்கம் பிறந்தால் ஒரே ஆண்டை, வேலை சுலபம் என்று நினைக்காதீர்கள். அவர் பக்கத்திலேயே பெரிய பண்ணை வைத்துத் தானியம் விளைவித்துக் கப்பலேற்றுகிறவர். அவருக்கு வேண்டியது உங்கள் காசல்ல, கைகால். ஊர் போலீசும் அவரே, முதல் நீதிமன்றமும் அவருடையதே. அவர்மேல் புகார் இருந்தால் அலைய வேண்டியதில்லை, அவரிடமே தொடங்கலாம்.

2. பத்திரத்தை நன்றாக வாசிக்கவும்

நிலம் யாருடையது என்று கேட்டால் சட்டம் படித்தவர்கள் சிரிக்காமல் பதில் சொல்வார்கள்: இரண்டு பேருடையது. மேல் உடைமை ஆண்டைக்கு, கீழ் உடைமை உங்களுக்கு. உழுவது, விதைப்பது, ஆலங்கட்டி மழை பெய்தால் அழுவது எல்லாம் கீழ் உடைமையில் அடக்கம்.

பவேரியாவில் இந்தக் கீழ் உடைமை நாலு ரகத்தில் கிடைத்தது. முதல் ரகம் பரம்பரை. உங்களுக்குப் பின் பிள்ளைக்கு. இரண்டாவது, நீங்கள் கண்ணை மூடும்வரை. மூன்றாவது, ஆண்டை கண்ணை மூடும்வரை. அவருக்குத் தும்மல் வந்தால்கூட நீங்கள் கஷாயத்தோடு ஓடுவது நல்லது. நாலாவது ரகத்தில் ஆண்டை நினைத்தால் வருஷ முடிவில் வெளியே போகச் சொல்லலாம். பயப்படாதீர்கள், நடைமுறையில் இதுவும் பெரும்பாலும் மகனுக்கே போகும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் நிலத்தின் மதிப்பில் 5 சதவீதமோ 10 சதவீதமோ நுழைவுப் பணம் கட்டினால் போதும். கட்டக் காசில்லையென்றால் கடன் தரவும் ஆள் உண்டு.

3. நாள்காட்டியை மனப்பாடம் செய்யவும்

நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள். அறுவடை முடிந்து குதிர் நிறைந்திருக்கும் நாள். வாரம் அளக்க இதைவிட நல்ல நாள் வேறெது? குதிர் நிறைந்திருப்பது உங்களுக்கு மட்டுமா தெரியும்?

அதற்கு முன்பே தசமபாகம். அறுவடை நாளை நினைத்துப் பாருங்கள். ரை தானியத்தை அறுத்துக் கட்டுக் கட்டாக நிறுத்தியாயிற்று. மேற்கே மேகம் கறுக்கிறது. வண்டியில் ஏற்றலாமா? கூடாது. தசமபாகக்காரர் வந்து எண்ணி, ஒவ்வொரு பத்தாவது கட்டுக்கும் அடையாளம் வைத்த பிறகே உங்கள் ஒன்பது நகரலாம். அவரோ பக்கத்து ஊரில் எண்ணிக்கொண்டிருக்கிறார். மழை வந்தால் உங்கள் ஒன்பதும் நனையும், அவருடைய ஒன்றும் நனையும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சமத்துவம். பத்தில் ஒன்று என்பது லாபத்தில் அல்ல, மொத்த விளைச்சலில். ஒன்று விதைத்து நாலைந்து கண்டாலே நல்ல வருஷம் என்ற காலம் அது. அடுத்த வருஷ விதையையும் உங்கள் ஒன்பதிலிருந்துதான் எடுத்துவைக்க வேண்டும். தேவாலயத்துக்கென்று தொடங்கிய வரிதான் இது. விற்றும் வாங்கியும் பல ஊர்களில் பிரபுக்களின் கைக்குப் போய்விட்டிருக்கும். சாமி கணக்கு என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

பிறகு கோழி. அடுப்பு எரிகிற வீட்டுக்கு வருஷம் ஒரு கோழி. நோஞ்சானைத் தள்ளிவிடலாம் என்று பார்க்காதீர்கள். யாக்கோப் கிரிம், தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான், பழைய கிராமத்து வழக்கங்களையும் திரட்டி 1840 முதல் வெளியிட்டார். கொடுக்கிற கோழி வேலிமேல் பறந்து ஏறிக் காட்ட வேண்டும் என்று அவற்றில் ஊருக்கு ஊர் நிபந்தனை. வீட்டில் பிள்ளை பெற்றவள் படுத்திருந்தால் மட்டும் சலுகை: வசூலிக்க வந்தவர் கணக்குக்காகக் கோழித்தலையைத் திருகி எடுத்துக்கொண்டு, உடலைத் தாய்க்கு விட்டுப்போவார். கருணை உண்டு, ரசீதும் உண்டு.

4. குதிரை வாங்குமுன் யோசிக்கவும்

குதிரை இல்லாத சின்னக் குடியானவர் ஆண்டையின் பண்ணைக்குக் கூலியில்லாமல் கையால் உழைத்தால் போதும். குதிரை வைத்திருப்பவர் ஏரும் வண்டியும் பூட்டிக்கொண்டு வர வேண்டும். எல்பேக்குக் கிழக்கே இது வாரத்துக்கு 3 நாள். சில இடங்களில் 5, 6 நாளும் உண்டு. ஆகவே அனுபவசாலிகள் பண்ணைக்கென்றே தனியாக ஒரு ஜோடிக் குதிரையும் ஒரு வேலையாளும் வைத்துக்கொண்டார்கள். எது மெலிந்த குதிரையோ, எந்த ஆள் மெதுவோ, அது பண்ணைக்கு. வெட்டி வேலையை இதற்குமேல் யாரும் நுட்பமாகச் செய்ய முடியாது.

உங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா என்ற கவலையும் வேண்டாம். அவர்கள் சில வருஷம் பண்ணை வீட்டில் வேலைக்காரர்களாக இருந்தே ஆக வேண்டும். சம்பளம் எவ்வளவு என்பது ஆண்டைக்குத் தெரியும். மான் வந்து பயிரை மேய்ந்தால் தொடாதீர்கள், அது அவருடைய மான். அவர் வேட்டைக்கு வரும் நாளில் அதை விரட்டிக் கொடுக்க உங்களைக் கூப்பிடுவார்.

5. ஜாதகம் பார்க்காவிட்டாலும் அந்தஸ்தைப் பார்த்துக் கட்டவும்

கல்யாணத்துக்கு ஆண்டையின் சம்மதம் வேண்டும், சம்மதத்துக்குக் கட்டணம் வேண்டும். கெம்ப்டன் மடத்து எல்லையில் இன்னும் கவனம். சுதந்திரக் குடியான நீங்கள் உடம்பே மடத்துக்குச் சொந்தமான அடிமைக்குடிப் பெண்ணைக் கட்டினால், நீங்களும் அடிமைக்குடி என்று எழுதிக் கொடுக்கும்வரை மடம் விடாது. சடங்குகளை மறுத்தும் சிறையில் வைத்தும் கெம்ப்டன் அப்படிப் பலரை வளைத்ததாக 1525-இல் அந்த ஊர்க் குடியானவர்களே பட்டியல் எழுதி வைத்தார்கள்.

6. முடிந்தவரை சாகாமல் இருக்கவும்

அடிமைக்குடி ஆண் செத்தால் தொழுவத்திலேயே நல்ல மாடு ஆண்டைக்கு. பெண் செத்தால் அவளுடைய நல்ல உடை. ஓஸ்னாபுருக் பக்கம் கணக்கு இன்னும் எளிது: அசையும் சொத்தில் பாதி. துக்கம் விசாரிக்க வருகிறவர் முதலில் தொழுவத்துப் பக்கம் போனால் ஆச்சரியப்படாதீர்கள்.

சாவதற்கு முன்பே நிலத்தை மகனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கலாம். ஆனால் வாய்வார்த்தையை நம்பாதீர்கள், எழுதி வாங்குங்கள். எந்த அறை, கணப்பருகில் இடம், தினம் எவ்வளவு பால், வாரத்துக்கு எத்தனை முட்டை, குளிருக்கு எத்தனை வண்டி விறகு, எந்த மரத்துப் பழம் எல்லாவற்றையும் பெற்ற பிள்ளையிடம் பத்திரமாக எழுதி வாங்குவது அங்கே சாதாரணம். ஆண்டையிடம் படித்த பாடம் வீட்டுக்கும் உதவும்.

7. புகார் கொடுக்கும் முறை

பரிந்துரைக்கப்படவில்லை. 1524-இல் ஷ்டியூலிங்கனில், நூல் சுற்றுவதற்கு நத்தை ஓடு பொறுக்கி வரும்படி சீமாட்டி அறுவடைக் காலத்தில் உத்தரவிட்டதால்தான் கலகம் மூண்டது என்று கதை உண்டு. அடுத்த வருஷம் மெம்மிங்கனில் பன்னிரண்டு கோரிக்கைகள் அச்சாகி ஜெர்மன் நாடுகளெங்கும் பரவின: அடிமைக்குடி முறை ஒழிய வேண்டும், வெட்டி வேலை குறைய வேண்டும், காடும் மீனும் பொதுவாக வேண்டும், சாவு வரி கூடாது. தவறு என்று வேதத்தைக் காட்டி நிரூபித்தால் விட்டுவிடுகிறோம் என்றும் பணிவாக எழுதியிருந்தார்கள். பதில் வேதத்திலிருந்து வரவில்லை, பீரங்கியிலிருந்து வந்தது. செத்தவர்கள் 70,000 முதல் 1,00,000 வரை என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு.

8. விடுதலை பெறும் முறை

பொறுமை வேண்டும். பிரஷ்யாவில் நெப்போலியனிடம் படை தோற்ற பிறகுதான் அரசுக்குக் குடியானவர் ஞாபகம் வந்தது. அமைச்சர் ஷ்டைன் 1807 அக்டோபர் 9-இல் ஆணை கொண்டுவந்தார்: 1810-ஆம் வருஷ மார்ட்டின் திருநாள் முதல் எல்லாரும் சுதந்திர மனிதர்கள். வாரம் அளக்கிற அதே நாள், கணக்குக்கு வசதி.

உடம்பு உங்களுடையது ஆயிற்று. நிலம்? அதற்கு 1811-இல் பிரஷ்ய சான்சலர் ஹார்டன்பெர்க் விலை சொன்னார். பரம்பரை உரிமை உள்ளவர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கையும், இல்லாதவர் பாதியையும் ஆண்டைக்கு விட்டுக்கொடுத்தால் மீதி முழுச் சொந்தம். 1816-இல் இன்னொரு திருத்தம்: ஏர்பூட்டக் குதிரையோ மாடோ வைத்திருக்கும் குடிக்குத்தான் இந்தச் சலுகை. இத்தனை நாள் உங்களைச் சுமக்க வைத்த குதிரை இங்கேதான் கைகொடுக்கிறது. அது இல்லாதவர் கூலிக்காரராகப் பண்ணையில் தொடரலாம், அல்லது அமெரிக்காவுக்குக் கப்பலேறலாம்.

மிச்சம் மீதிக் கடமைகளைத் தீர்க்க 1850-இல் வங்கிகளே வந்தன. வருஷக் கடமையைப் போல 20 மடங்கை வங்கி ஆண்டைக்குப் பத்திரங்களாகக் கொடுக்கும். நீங்கள் பழைய கடமையில் பத்தில் ஒன்பது பங்கை மட்டும் வங்கிக்குக் கட்டிவந்தால் 56 வருஷமும் ஒரு மாதமும் கழித்துக் கணக்குத் தீரும். அந்த ஒரு மாதத்தை மறக்காதீர்கள்.

9. கடைசியாக ஒரு சந்தேகம்

"எல்லாம் கட்டி முடித்தால் நானும் ஆண்டையும் சமமா?" சமம்தான். 1861-இல் பிரஷ்யா நிலவரியைக்கூட எல்லாருக்கும் பொதுவாக்கியது. அதுவரை வரிவிலக்கு அனுபவித்த பிரபுக்களின் பண்ணைகளும் கட்ட வேண்டும் என்றது. பாவம், திடீரென்று வரி கட்டச் சொன்னால் மனசு புண்படாதா? விலக்கு போனதற்காக அவர்களுக்கு நஷ்டஈடும் கொடுத்தது. உங்கள் அடிமைத்தனம் போனபோது நீங்கள் கட்டினீர்கள், அவர்கள் சலுகை போனபோது அவர்கள் வாங்கினார்கள். ஆகவே எங்கள் இறுதி ஆலோசனை: ஜெர்மன் நாட்டில் நிலம் வைத்திருக்க ஆசையிருந்தால் தாராளமாக வையுங்கள், ஆனால் மேல் உடைமையாகப் பார்த்து வையுங்கள்.