ஒன்றரை ஆள்

எங்கள் பனியன் கம்பெனியில் 140 தையல் மெஷின்கள், 23 கம்ப்யூட்டர்கள், ஒரு முதலாளி. மெஷின்களைப் பார்த்துக்கொள்ள மூன்று மெக்கானிக்குகள் உண்டு. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பி. முதலாளியைப் பார்த்துக்கொள்ள நான். மேனேஜர் என்று பெயர்.

போன மாதம் முதலாளி கூப்பிட்டார். "ஏனுங்க, நம்ம கம்ப்யூட்டர் தம்பி எப்பப் பார்த்தாலும் சும்மாவே உக்காந்திருக்கறானே. அவன் வேணுங்களா? வேணும்னா எத்தனை பேர் வேணும்? கணக்குப் போட்டுக் குடுங்க."

ஒரு டஜன் பனியனுக்கு எவ்வளவு நூல் என்றால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். இதற்கு எந்த நூலைப் பார்ப்பது? விசாரித்தேன். ஐம்பது பேருக்கு ஓர் ஆள் என்றார் ஒருவர். நூறு பேருக்கு ஓர் ஆள் போதும் என்றார் இன்னொருவர். முதல் கணக்குப்படி எங்களுக்குத் தம்பி இடுப்பு வரை போதும். இரண்டாவது கணக்குப்படி முழங்கால் வரை.

இந்தக் கணக்கெல்லாம் போட்டவர்கள் திருப்பூர்ப் பஞ்சைப் பார்த்திருக்க மாட்டார்கள். பேக்கிங் செக்‌ஷன் கம்ப்யூட்டர் நாளுக்கு நாலு முறை தானாக அணைந்துகொண்டிருந்தது. தம்பி பெட்டியைக் கழற்றினான். உள்ளே விசிறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மெத்தை. பஞ்சுத்தூசி படிந்து படிந்து துணியாகவே ஆகியிருந்தது. கிள்ளினால் பிய்யவில்லை, உரித்தால்தான் வந்தது. அந்தப் பக்கம் வந்த முதலாளி அதை வாங்கி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்து, "நூத்தம்பது ஜிஎஸ்எம் வரும்போல" என்றார். நிட்டிங் மெஷின் இல்லாமல் துணி உற்பத்தி செய்த ஒரே கம்ப்யூட்டர் எங்களுடையது.

தம்பி வேலையில் பாதி இப்படித்தான். பார்கோடு பிரிண்டரில் ஸ்டிக்கர் சுற்றிக்கொள்ளும். தமிழில் அடித்த சம்பளச் சீட்டு வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஏதோ மந்திரம் போல எழுத்து வரும். மானிட்டர் செத்துவிட்டது என்று அக்கவுண்ட்ஸ் அக்கா அலறுவார். போய்ப் பார்த்தால் யாரோ ஒயரைப் பிடுங்கி செல்போன் சார்ஜர் சொருகியிருப்பார்கள். சொருகியவர் யார் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

இத்தனையும் செய்கிறவன் சித்திரையில் ஊர் நோம்பிக்குப் போனான். மூன்று நாள் லீவு. இரண்டாம் நாள் சாயங்காலம் கொல்கத்தா சரக்கு லாரியில் ஏறிவிட்டது. பில் போட வேண்டியதுதான் பாக்கி. மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் இல்லாமல் லாரி நகரக்கூடாது. 2018 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இதுதான் சட்டம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வந்தது. சர்வர் கண் விழித்துப் பாஸ்வேர்டு கேட்டது. அது தம்பிக்கு மட்டுமே தெரியும்.

போன் அடித்தேன். அவனுடைய அம்மா எடுத்தார். பின்னால் பறை அதிர்ந்தது. "பையன் பூவோடு எடுத்துட்டு வந்துட்டிருக்கறானுங்க. ரெண்டு கைலயும் நெருப்புச் சட்டி. இப்பப் போனைக் குடுத்தா சாமி குத்தமாயிடுமுங்க."

கோயில் வந்து, சட்டியை இறக்கி, அவன் கூப்பிட்டபோது மணி ஒன்பதரை. பாஸ்வேர்டு, அந்த ஊர் மாரியம்மன் பெயரும் அதன் பின்னால் ஒன்று இரண்டு மூன்றும். முன்பே அம்மனை நினைத்திருந்தால் லாரி ஆறு மணிக்கே கிளம்பியிருக்கும்.

ஆக, ஓர் ஆள் வைத்திருக்கிற கம்பெனி, நோம்பி நாளில் ஆளே இல்லாத கம்பெனி. இது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முதலாளி கேட்டது சும்மா உட்கார்ந்திருப்பதைப் பற்றி. அதற்கு டென்மார்க் வரை போக வேண்டியிருந்தது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணக்குக்காரர், அழைப்புகள் எப்படி நேரங்காலமில்லாமல் வந்து விழுகின்றன என்று 1909-ல் எழுதினார். வரிசையில் நிற்கிறவர்களைப் பற்றிய கணக்கு அவரிடமிருந்துதான் வளர்ந்தது. ஒரே ஆள், ஒரு ரிப்பேருக்குச் சராசரி 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தம்பி பாதி நேரம் வேலையில் இருந்தால், கூப்பிட்டவர் சராசரியாக 20 நிமிடம் காத்திருப்பார். 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் 80 நிமிடம். 90 சதவீதம் என்றால் மூன்று மணி நேரம். ஜிஎஸ்டி கட்டுகிற 20-ம் தேதி என்ன ஆகும் என்று எர்லாங்கும் எழுதவில்லை, பாவம்.

முதலாளி முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த டென்மார்க்காரர் பனியன் கம்பெனி வெச்சிருந்தாருங்களா?" என்றார்.

வேறு வழியில்லை, அவருடைய சரக்கையே அவரிடம் விற்றேன். போன வருடம் ஒரு சூப்பர்வைசர், மெக்கானிக் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று புகார் கொண்டு வந்தான். "மெக்கானிக் சும்மா இருந்தா லைன் ஓடுதுன்னு அர்த்தம். அவன் ஓடுனா லைன் நின்னுபோச்சுன்னு அர்த்தம். போய் வேலையப் பாரு" என்று அவனை விரட்டியவர் இவர்தான். அதை ஞாபகப்படுத்தினேன்.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "சரி, தம்பி இருக்கட்டும். நோம்பிக்குப் போனா?"

"இன்னொரு ஆள் வேணுமுங்க."

"முழு ஆள் எதுக்குங்க? அரை ஆள் போதும்" என்று சொல்லி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அந்த அரை ஆள் பயிற்சி பெற்று இன்றோடு பதினெட்டு நாள். பாஸ்வேர்டுகள் ஒரு கவரில் போட்டு ஒட்டப்பட்டு, ஆபீஸ் பீரோவில் லட்சுமி படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. தம்பி அக்கா மகள் சீருக்குப் போயிருக்கிறான். காலையில் அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் அப்டேட் ஆக ஆரம்பித்து, 34 சதவீதத்தில் நின்றது. அணைக்கக்கூடாது என்று திரையில் எழுதியிருக்கிறது. முக்கால் மணி நேரமாக அதன் எதிரில் கை கட்டி உட்கார்ந்திருக்கிறேன். செய்வதற்கு ஒன்றுமில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளியின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. சட்டென்று மவுஸைப் பிடித்து நாலு தடவை அமுக்கினேன்.