25-ஆம் தேதிக்கு மேல்

உறையூரில் இருக்கும் என் அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போவதென்றால் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். அஷ்டமி, நவமி, ராகு காலம் எதுவும் பார்ப்பதில்லை. மாதம் 25-ஆம் தேதி தாண்டிவிட்டதா என்று மட்டும் பார்ப்பேன். முதல் வாரத்தில் போய் ஏமாந்த அனுபவம் உண்டு. மளிகைச் சாமான் அப்போதுதான் வந்து இறங்கியிருக்கும். தேங்காய் நாலு, தக்காளி இரண்டு கிலோ, சின்ன வெங்காயம், கட்டுப் பிரிக்காத கொத்தமல்லி. இத்தனையும் போட்டு அத்தை வைக்கும் சாம்பார் யார் வீட்டிலும் கிடைக்கிற சாம்பார். சில நாள் அதற்கும் ஒரு படி கீழே. டப்பாக்களின் அடி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் அவருக்குக் கை வரும்.

இந்த ரகத்து ஆட்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். குடும்பத்துக்கு ஒருவர் உண்டு. ‘ஒப்பேத்திடலாம்’ என்பது அவர்களுடைய மூல மந்திரம். இவர்களைச் சிக்கனக்காரர்களோடு சேர்த்துவிடக் கூடாது. சிக்கனக்காரர் தேங்காய் கையில் இருக்கும்போதே அரை மூடியை ஒளித்து வைப்பார். ஒப்பேற்றுகிறவர் தேங்காய் தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் முகம் மலர்வார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்வார்.

போன மாதம் 27-ஆம் தேதி நான் அங்கே இருந்தேன். ராத்திரி ஏழரை மணி. மாமாவோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சமயபுரம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் வந்து நின்றார். “சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு...” என்று அவர் ஆரம்பித்தபோதே பின்னாலிருந்த சின்னப் பையனின் கண் சமையலறைப் பக்கம் போய்விட்டது.

மாமா சட்டென்று துணிப்பையை எடுத்தார். “கடைக்குப் போயிட்டு வந்துடறேன். என்னென்ன வேணும்?”

கடை தெருமுனையில்தான் இருக்கிறது. போக இரண்டு நிமிஷம், வர இரண்டு நிமிஷம். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் நாற்பது வருஷத் தாம்பத்தியம் ஒரு கணம் ஆடிப்போயிற்று.

“எதுக்குங்க கடை? நம்ம வீட்ல என்ன இல்ல?”

என்ன இல்லை என்பதை நான் சொல்கிறேன். தேங்காய் இல்லை. தக்காளி இல்லை. உளுந்து, கைப்பிடி. இட்லி மாவு, பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததை வழித்தால் ஒன்றரைக் கரண்டி. பெரிய வெங்காயம் ஒன்றே ஒன்று, அதுவும் முளை விட்டிருந்தது.

அத்தை அலமாரி முன்னால் போய் நின்றார். அது ஒரு தனி உலகம். வரிசையாகப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள், பிஸ்கட் டின்கள், பிறந்தநாள் கேக் வந்த டப்பாக்கள். ஒன்றின் மேல் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பூஸ்ட் என்று போட்ட டப்பாவில் கொள்ளு. ஊட்டி வர்க்கி டின்னில் மிளகாய் வற்றல். நாமாக இருந்தால் காபிப் பொடி தேடி மஞ்சள் தூளில் போய் முடிப்போம். அத்தை டப்பாவைத் திறப்பதுகூட இல்லை. எடுத்துக் காதருகே ஒரு குலுக்கு குலுக்குவார். சத்தத்தை வைத்தே ‘ரவை, ஒண்ணேகால் டம்ளர்’ என்பார்.

அன்றைக்கு நடந்ததைக் கிட்டே நின்று பார்த்தேன். அந்த ஒன்றரைக் கரண்டி மாவில் இரண்டு டம்ளர் கோதுமை மாவும் அரை டம்ளர் அரிசி மாவும் விழுந்தன. புளித்த மோர் ஒரு டம்ளர். தண்ணீர், உப்பு, சீரகம், கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை. கையாலேயே கலக்கினார். மத்து எதற்கு, கட்டி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத்தான் தெரியும் என்பது அவர் கட்சி. மாவு மோர்க்குழம்பு பதத்துக்கு வந்ததும் கல்லை ஏற்றினார். கரைத்த தோசை. இதை நடுவில் ஊற்றி வட்டமாகத் தேய்க்கக் கூடாது. ஓரத்திலிருந்து தெளித்துக்கொண்டே உள்ளே வர வேண்டும்.

தொட்டுக்கொள்ளத்தான் பிரச்சினை. தேங்காய் கிடையாது, தக்காளி கிடையாது. இரண்டு மேஜைக்கரண்டி கடலை மாவை எடுத்து ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து ஓரமாக வைத்தார். கடுகு, கடலைப் பருப்பு தாளித்து, பச்சை மிளகாயும் இஞ்சியும் போட்டு, அந்த ஒற்றை வெங்காயத்தை ஏழு பேருக்குத் தெரிகிற மாதிரி நீளநீளமாக அரிந்து வதக்கினார். மஞ்சள் தூள். பிறகு கரைத்து வைத்த மாவு. கரண்டியை எடுக்காமல் கிளறிக்கொண்டே இருந்தார். மாவின் பச்சை வாசனை போய்க் கொதி வந்ததும், இன்னும் நீர்க்க இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டார்.

“தண்ணியா இருக்கே அத்தை?”

“இப்ப அப்படித்தான் இருக்கும். ஆற ஆற இறுகிக்கும். இப்பவே கெட்டியா இறக்குனா தட்டுல போடறப்ப அல்வாவா நிக்கும். நீ போய் இலையைப் போடு.”

இலை இல்லை. தட்டுதான் போட்டேன்.

சமையல் இதோடு முடிந்தது. ஆனால் ஒப்பேற்றுகிறவரின் உண்மையான திறமை இனிமேல்தான் ஆரம்பிக்கிறது. பண்டத்துக்குப் பெயர் வைக்க வேண்டும். மற்றவர்கள் பெயரை முடிவு செய்துவிட்டுச் சமைப்பார்கள். இவர்கள் சமைத்துவிட்டு, அது எந்த நிறத்தில் வந்திருக்கிறது, யார் சாப்பிட வந்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பெயர் சூட்டுவார்கள். அதனால்தான் மாமா நாற்பது வருஷமாக ‘இன்னிக்கு என்ன குழம்பு?’ என்று கேட்டதில்லை. தட்டில் விழுந்த பிறகு கேட்டால் பதில் கிடைக்கும், முன்னால் கேட்டால் சண்டை கிடைக்கும்.

“இது பாம்பே சட்னிங்க,” என்று விருந்தாளியிடம் அறிவித்தார் அத்தை. இந்தப் பெயர் மட்டும் அவர் சொந்தக் கற்பனை இல்லை. தமிழ்நாட்டில் பல வீடுகளிலும் கடலை மாவுச் சட்னிக்கு இதுதான் பெயர். மகாராஷ்டிரத்தில் பிட்லா என்று கடலை மாவில் ஒன்று கிளறுவார்கள். அதற்கு இது தூரத்துச் சொந்தமாக இருக்கலாம். ஆனால் கரைத்த தோசையைக் காட்டி, “இது எங்க பாட்டி காலத்துப் பலகாரம்” என்றாரே, அதுதான் அவருடைய கைவரிசை. எதைச் செய்தாலும் அந்தப் பாட்டி மேல் ஏற்றிவிடுவார். ஒருமுறை மீந்துபோன நூடுல்ஸில் முருங்கைக்கீரையும் வறுத்த வேர்க்கடலைப் பொடியும் போட்டுப் பிரட்டி வைத்தபோதும் அதே பாட்டிதான். பாட்டி நூடுல்ஸைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர்.

நண்பரின் மனைவிக்குச் சட்னி மிகவும் பிடித்துவிட்டது. கைப்பேசியில் எழுதிக்கொள்ளத் தயாராக, “அளவு சொல்லுங்கக்கா” என்றார். பாவம்.

“கடலை மாவு கொஞ்சம். தண்ணி கொஞ்சம் தாராளமா. மஞ்சள் கொஞ்சூண்டு. மிளகாய், உங்க வீட்டுக்காரர் கோபத்தைப் பொறுத்துக் கொஞ்சம்.”

நான் எண்ணிப் பார்த்த வரையில் அத்தையிடம் ஆறு வகைக் கொஞ்சம் இருக்கிறது. எழுத்தில் எல்லாம் ஒன்றுதான், குரலில்தான் வித்தியாசம். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ சமையல் புத்தகத்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். சமைக்கத் தெரியாத புதுப்பெண்ணும் அளவு பார்த்துச் சமைக்கட்டும் என்ற நல்லெண்ணம் அது. கல்யாணத்துக்கு வந்த யாரோ அதை அத்தைக்கும் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். இன்றும் பத்திரமாக இருக்கிறது, நடுவில் மளிகைச் சீட்டுகளோடு. சில நாள் தயிர்ப் பாத்திரத்தின் மூடி நகராமலிருக்க மேலே வைப்பார். மீனாட்சி அம்மாள் வரலாற்றில் நிற்க வேண்டியவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அத்தை வீட்டில் அவர் தயிர் மேல் நிற்கிறார்.

நான்தான் ஒரு தப்புச் செய்தேன். எங்கேயோ படித்த ரவா இட்லிக் கதையை அத்தையிடம் சொல்லித் தொலைத்தேன். இரண்டாம் உலகப் போரில் 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்று தட்டுப்பாடு வந்தது. அப்போது பெங்களூர் எம்.டி.ஆர். உணவகத்தில் அரிசிக்குப் பதில் ரவையைப் போட்டு இட்லி செய்து பார்த்ததாக அவர்களே சொல்கிறார்கள். கேட்டதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் சாம்பார்க் கதை வேறு. தஞ்சாவூர் மராத்தியர் அரண்மனையில் பருப்பில் போடும் புளிப்புக்குக் கோகம் புளி கிடைக்காத அன்று நம்மூர்ப் புளியைக் கரைத்து ஊற்றினார்களாம், விருந்துக்கு வந்த மராத்திய மன்னர் சம்பாஜி பெயரால் அது சாம்பார் ஆயிற்றாம். ஆதாரம் கேட்டால் யாரும் காட்டுவதில்லை, கதை மட்டும் ஜோராக ஓடுகிறது. அத்தைக்கு ஆதாரம் எதற்கு? “பார்த்தியா, இல்லாத அன்னிக்குத்தான் எல்லாமே கண்டுபிடிச்சிருக்கான்” என்று முடித்துவிட்டார். அதிலிருந்து யாராவது தட்டைப் பார்த்து முகம் சுளித்தால் ஒரு போரும் ஒரு மகாராஜாவும் சாட்சிக்கு வந்துவிடுகிறார்கள்.

சுளிக்க வேண்டிய நாட்களும் உண்டு. அதையும் சொல்லத்தானே வேண்டும்? ஒருநாள் புளி தீர்ந்துவிட்டது. எலுமிச்சை ஊறுகாய்த் துண்டுகளைக் கழுவிக் கொதிக்கவிட்டு ரசம் வைத்தார். ‘ஊறுகாய் ரசம்’ என்று பெயரும் வைத்தாயிற்று. மாமா ஒரு வாய் குடித்துவிட்டு வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வீடாக இருந்தால் அந்த ரசம் தொட்டியில் போயிருக்கும். இந்த வீட்டில் எந்தப் பண்டத்துக்கும் மோட்சம் கிடையாது, மறுபிறவிதான். மறுநாள் சப்பாத்தி கொஞ்சம் மஞ்சளாகவும் பெருங்காய வாசனையாகவும் இருந்தது. மாவு பிசையும்போது அத்தை தனியாக உப்புப் போடவில்லை என்பதை நான் கவனித்தேன்.

இன்னொரு தடவை சாம்பார் நீர்த்துவிட்டது என்று அரிசி மாவு கரைத்துவிடப் போய், கையில் வந்தது கோலமாவு டப்பா. கரைத்து ஊற்றிய பிறகுதான் தெரிந்தது. நான் பதறிவிட்டேன். அத்தை பதறவில்லை. “நம்ம வீட்டுக் கோலமாவு பச்சரிசியில நானே அரைச்சதுதான்டா. எறும்பு தின்னட்டும்னுதானே போடறோம்? இன்னிக்கு ஒரு நாள் நாம எறும்பு.”

பெங்களூரில் இருக்கும் அவர் மகனுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. அம்மா கஷ்டப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே சாமான் வரும் செயலி ஒன்றை அவர் கைப்பேசியில் ஏற்றிக்கொடுத்துவிட்டுப் போனான். அத்தை அதைத் திறக்கிறார், இல்லையென்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே தக்காளி என்ன விலை, முருங்கைக்காய் என்ன விலை என்று பார்ப்பார். “அநியாயம்” என்பார். மூடி வைத்துவிடுவார். ரேஷன் கடைக்கு மட்டும் தவறாமல் போய்விடுவார். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில், அதோடு விலையில்லா அரிசி. இந்த மூன்றும் இருந்தால் எத்தனை பேர் வந்தாலும் சமாளிக்கலாம் என்பார். நாலாவதாக ஒன்று கையில் வந்துவிட்டால்தான் அவருக்குக் குழப்பம்.

அது எனக்கு நேற்றுத்தான் முழுசாகப் புரிந்தது. நேற்று 28-ஆம் தேதி. வெறுங்கையோடு போக வேண்டாமே என்று நல்ல முற்றின தேங்காய் ஒன்றும் அரைக் கிலோ தக்காளியும் வாங்கிக்கொண்டு போனேன். அத்தை அடுப்பில் கல்லைப் போட்டிருந்தார். அம்மியோரம் மிளகாய் வற்றல், பூண்டு, துளிப் புளி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. ஏதோ ஒன்று உருவாகப் போகிற நேரம். நான் பையை நீட்டினேன்.

உள்ளே எட்டிப் பார்த்தவரின் முகம், பரீட்சை எழுத உட்கார்ந்த பிள்ளையிடம் விடை எழுதிய தாளைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

“இதெல்லாம் எதுக்குப்பா இப்ப?”

“சட்னிக்கு ஆகுமே அத்தை.”

“ஆகும், ஆகும்.” தக்காளியைப் பையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளினார். தேங்காயை மட்டும் இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்துக்கொண்டு போய், சாமி படத்துக்கு முன்னால் வைத்து, குங்குமமும் வைத்தார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, பொட்டுக்கடலை டப்பாவை எடுத்துக் காதருகே ஒரு குலுக்கு குலுக்கினார்.