தாய்மாமனுக்குச் சொல்லாத கல்யாணம்

கல்யாணத்துக்குத் தாய்மாமனுக்குச் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்று திருகோணமலையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கலிபோர்னியாவில் இருக்கிற எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கொம்பனிக்குத் தெரியவில்லை. ‘கோட்ஃபாதர்’ படத்தை ஒரு வீடியோ கேமுக்குக் கட்டிக்கொடுக்க நாள் குறித்தார்கள். பெண்ணின் உறுதி பரமவுண்ட் ஸ்ரூடியோவின் அலுமாரிக்குள் இருந்தது. அங்கே போய்த் தாம்பூலம் மாற்றினார்கள், காரியம் முடிந்தது. 1972இல் அந்தப் படத்தை எடுத்து, மூன்று ஒஸ்காருக்குச் சொந்தமாக்கிய பிரான்சிஸ் போர்ட் கொப்போலாவிடம், ‘ஐயா, எங்களுக்கு இப்படி ஒரு எண்ணம்’ என்று ஆரும் அனுமதி கேட்கவில்லை.

இந்த அவசரத்துக்குக் காரணம் காதல் இல்லை, வயிற்றெரிச்சல். 2001இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 3’ வந்தது. ஒரு முழு நகரத்தையும் திறந்து விட்டு, ‘எந்தக் காரையும் களவெடு, எந்தச் சந்தியிலும் திரும்பு’ என்றது. அடுத்த வருடம் ‘வைஸ் சிற்றி’. அதில் கதாநாயகன் குடியேறுகிற மாளிகையின் மாடிப்படியில் நின்று பார்த்தால், 1983ஆம் ஆண்டு ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்துக்குள்ளே நிற்பது போலவே இருக்கும். பழைய ரவுடிப் படங்களின் எலும்பை, இந்தக் கேம்களை வெளியிட்ட ரொக்ஸ்டார் கொம்பனி சூப்பு வைத்து விற்றுக் கோடி பார்த்துவிட்டது. படத்தின் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ‘எங்கள் எலும்புக்கு நாங்களே சூப்பு வைப்போம்’ என்று கிளம்பினார்கள்.

கேம் வெளிவர இன்னும் ஒரு வருடம் இருக்கையிலேயே, 2005இல் மாமன் பந்தலுக்கு வெளியே நின்று கத்தத் தொடங்கினார். தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, தனக்கு இதில் சம்மதமும் இல்லை, எல்லாருக்கும் தெரிந்த பாத்திரங்களை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே ஒருவரையொருவர் சுடுகிறார்கள் என்பது அவருடைய முறைப்பாட்டின் சாரம். ஒரு கேமுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது வெளிவருவதற்கு முன்னமே வந்தது. அதுவும் படத்தைப் பெற்றவர் வாயால்.

ஆனால் மாமனின் சொந்தச் சரித்திரத்தையும் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும். மரியோ பூசோ 1969இல் எழுதிய நாவலை முதலில் கையில் எடுத்தபோது, ‘இது என்ன குப்பை’ என்று மூக்கைப் பொத்தியவர் இதே கொப்போலாதான். சொந்தக் கொம்பனி கடனில் மூழ்கிக் கிடந்ததால் மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். நாவலை எழுதிய பூசோவோ, உண்மையான மாஃபியாக்காரன் ஒருவனையும் நேரில் அறியாமல், தேடிப் படித்தே எழுதினேன் என்று பிற்காலத்தில் ஒத்துக்கொண்ட மனிதர். படம் வந்த பிறகு உண்மையான ரவுடிகளே அதைப் பார்த்துக் கதைக்கவும் நடக்கவும் பழகினார்கள். ஆக, ஆளைக் காணாதவர் எழுதிய கதையை, பிடிக்காதவர் படமாக எடுத்து, அதைப் பார்த்து அசல் ரவுடிகள் நகலானார்கள். இந்தப் பரம்பரையில் ஒரு வீடியோ கேம் வந்து பிறந்தால் குலப்பெருமை கெட்டுவிடுமாம்!

மாப்பிள்ளை வீட்டார் தங்களால் முடிந்தவரை சபையை நிரப்பினார்கள். படத்தில் நடித்த ஜேம்ஸ் கானும் ரொபேர்ட் டுவாலும் முகமும் குரலும் கொடுத்தார்கள். மார்லன் பிராண்டோவும் ஒலிப்பதிவுக்குச் சம்மதித்துச் சில வசனங்கள் பேசினார். 2004 ஜூலையில் அவர் இறந்துபோனார். பதிவைப் போட்டுக் கேட்டால், மூச்சுக் கருவியின் உதவியோடு பேசியது அது. பெரும்பகுதி பாவிக்க முடியாமல் போயிற்று. வேறொருவர் அவரைப் போலப் பேசிக் கொடுத்தார். விதியின் குறும்பைப் பாருங்கள். 1972இல் அதே மனிதர் தாடைக்குள் அடைப்பு வைத்து வேண்டுமென்றே முணுமுணுத்தபோது ஒஸ்கார் கொடுத்தார்கள். வயதான காலத்தில் உண்மையாகவே முணுமுணுத்தபோது, ‘சத்தம் சரியில்லை’ என்று கழித்துவிட்டார்கள்.

அல் பசினோ வரவே இல்லை. அவருடைய முகம் அந்த நேரம் போட்டி வீட்டில் இருந்தது: விவெண்டி கொம்பனி ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்தை வைத்து எடுத்துக்கொண்டிருந்த கேமில். அதனால் கோட்ஃபாதர் கேமில் மைக்கேல் கோர்லியோன் என்று ஒருவர் வருவார். கோட் சரி, நடை சரி, முகம் மட்டும் வங்கி லிகிதர் ஒருவருடையது. வேலு நாயக்கர் இருக்கிறார், கமல்ஹாசன் இல்லை என்றால் ‘நாயகன்’ எப்படி இருக்கும்? அப்படித்தான்.

2006 மார்ச்சில் கேம் வெளிவந்தது. அப்போதுதான் உலகத்துக்கு ஒரு பெரிய சரித்திர உண்மை தெரியவந்தது. முப்பத்துநான்கு வருடமாகப் படத்தில் பார்த்ததெல்லாம் அரைக் கதைதான்! எல்லா வேலையையும் திரைக்குப் பின்னால் செய்தவன் ஆல்டோ ட்ரபானி என்றொரு எடுபிடி. ஜோய்ஸ்ரிக்கைப் பிடித்திருக்கிற நாங்கள்தான் அந்த எடுபிடி. மைக்கேல் உணவகத்துக் கழிவறைக்குள் கையை விட்டுத் துப்பாக்கியை எடுக்கிறாரே, அதை அங்கே கொண்டுபோய் வைத்தது ஆர்? நாங்கள். படத் தயாரிப்பாளர் வோல்ட்ஸின் கட்டிலுக்குள் குதிரைத் தலையைச் சொருகப் போனது? நாங்கள். மைக்கேல் கோயிலில் நின்று குழந்தைக்கு ஞானத்தந்தையாகிப் பிசாசை விலக்குவதாக வாக்குக் கொடுக்கும் அதே நேரத்தில், மற்றக் குடும்பங்களின் தலைவர்களைத் தேடித்தேடித் தீர்ப்பது? அதுவும் நாங்கள். மூத்தவர் சொனி சாவடியில் சல்லடையாகும்போது மட்டும் பின்னால் ஓடிப் போய்ப் பிந்திவிடுகிறோம். சரித்திரத்தில் எல்லாப் பெரிய மனிதருக்கும் பின்னால் சம்பளம் போதாத ஒரு சாரதி இருப்பான் என்பதை இந்த அளவுக்கு ஒளிவுமறைவில்லாமல் சொன்ன படைப்பு வேறில்லை.

மேற்கத்திய விமர்சகர்கள் கூடி நூற்றுக்கு எழுபதுகளில் மதிப்பெண் போட்டார்கள். நல்ல பிள்ளை, ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சட்டையைப் போட்டிருக்கிறது என்பது தீர்ப்பு. கிராண்ட் தெஃப்ட் ஓட்டோவின் கொப்பி; நகரம் சின்னது, ஒரே சாம்பல் நிறம்; எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முன்பு நுழைந்த கடையின் அதே அறை, அதே மேசை என்றார்கள். ஒரு விடயத்தில் மட்டும் ஒருமிக்கப் பாராட்டினார்கள். கடைக்காரர்களை மிரட்டிக் கப்பம் வாங்குகிற முறை. ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒருவருக்குக் கண்ணாடிப் பெட்டியை உடைக்க வேண்டும், இன்னொருவரைச் சட்டையில் பிடித்துச் சுவரோடு சாத்த வேண்டும். அளவாக மிரட்டினால் வாராவாரம் காசு வரும். அளவு மீறினால் மனிதர் பயத்தைத் தாண்டி, எதிர்த்து நின்றுவிடுவார். ‘என்ன நுட்பம், என்ன புதுமை’ என்று விமர்சகர்கள் வியந்தார்கள்.

அந்தப் புதுமை கொஞ்சம் பிந்தி, கறுப்பு மையால் பெயர் எழுதிய களவு சீடியாகத் திருகோணமலையின் உப்புவெளிக்கும் வந்து சேர்ந்தது.

2006 திருகோணமலைக்குச் சிரிக்கிற வருடம் இல்லை. ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி சந்தையில் குண்டு வெடித்தது, பிறகு கடைகள் எரிந்தன. ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டு, யுத்தம் முழு உருவத்தில் திரும்பியது. ஆறு மணிக்குப் பிறகு பொடியன்களை வெளியே விட எந்தத் தாய்க்கும் மனம் வராது. அப்படி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களின் கையில்தான் ‘திறந்த உலகம்’ என்று விளம்பரம் செய்யப்பட்ட பொருள் கிடைத்தது. கறண்ட் இருக்கும் மட்டும் ஒரு கொம்பியூட்டரைச் சுற்றி ஆறு பேர். ஒருவன் விளையாட, ஐந்து பேர் விமர்சகர்கள்.

நகரம் சின்னது என்று மேற்கில் முறைப்பட்டார்களே, அந்த முறைப்பாடு உப்புவெளியில் எடுபடவில்லை. லிட்டில் இத்தாலியில் காரை எடுத்தவன் புரூக்ளின் போனான், அங்கிருந்து நியூ ஜேர்சி போனான். அடையாள அட்டையை ஒருவரும் கேட்கவில்லை. அலஸ்தோட்டத்தில் இருந்து ரவுணுக்குப் போய் ஒரு இறாத்தல் பாண் வாங்கி வருவதற்குள் எத்தனை தரம் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு, அந்த நியூயோர்க் அகண்ட பூமி.

கப்பம் வாங்குகிற கட்டத்தில்தான் கருத்து வேறுபாடு வந்தது. விமர்சகர்கள் நூற்றுக்கு நூறு கொடுத்த இடத்தில் எங்கள் சபை முட்டை போட்டது. ‘இதுக்கு ஏன்ரா ஜோய்ஸ்ரிக்?’ என்று கேட்டார் பின்னால் நின்று பார்த்த கடை முதலாளி ஒருவர். தொலைபேசி மணி அடித்தாலே கை நடுங்குகிற காலம் அவருக்கு. ‘நேரிலை வந்து, முகத்தைக் காட்டி, ஆள் ஆரெண்டு சொல்லிக் கேக்கிறான். நல்ல மனுசனா இருக்கிறான். வாங்கினவன் அடுத்த கோஷ்டி வந்தால் காவலும் நிக்கிறான். இதெல்லாம் நம்பக்கூடிய கதையோ?’ யதார்த்தக் குறைபாடு என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

சாவடியில் சொனி சாகிற இடத்திலும் அப்படித்தான். அமெரிக்காவில் அது பணம் கட்டுகிற சாவடி. எங்கள் சபைக்குச் சாவடி என்றால் சோதனைச்சாவடி மட்டுமே. அதனால் விசாரணை வேறு திசையில் போனது. இரவில் வந்தால் முன் வெளிச்சத்தைக் குறைத்து, காருக்குள் லைற்றைப் போட வேண்டும் என்ற சின்ன ஒழுங்குகூடத் தெரியாத ஆள் எப்படி ஒரு குடும்பத்தை நடத்துவான்? பிழை சொனியின் பக்கம் என்று ஏகமனதாகத் தீர்ந்தது.

மைக்கேலின் முகம் மாறிய விடயம்? ஒருவரும் கவனிக்கவில்லை. காரணம், ஒருவரும் படத்தைப் பார்த்திருக்கவில்லை. ‘நாயகன்’ பார்த்திருந்தோம், ‘தேவர் மகன்’ பார்த்திருந்தோம். கோட்ஃபாதரின் பிள்ளைகளை எல்லாம் தெரியும், கோட்ஃபாதரைத் தெரியாது. பசினோ இல்லை என்று உலகம் ஒப்பாரி வைக்க, பசினோ ஆரென்று கேட்டது உப்புவெளி.

அவர் இல்லாத குறை எவ்வளவு பெரியது என்பதற்கு அதே வருடம் ஒக்டோபரில் ஒரு பரிசோதனையும் நடந்தது. பசினோவின் முகத்தோடு ‘ஸ்கார்ஃபேஸ்’ கேம் வந்தது. குரலுக்கு அவரே ஆளைத் தெரிந்து கொடுத்தாராம். படத்தின் கடைசியில் மாளிகைக்குள் செத்து விழுகிற ரோனி மொன்ரானா, இந்தக் கேமில் சாக மறுத்துவிடுவார். எழும்பித் தப்பிப் போய், இழந்ததை எல்லாம் திரும்பப் பிடிப்பார். அவருடைய கொழுப்பை அளக்க ஒரு மானியே வைத்திருந்தார்கள். அப்பாவிகளைச் சுட மட்டும் மாட்டார். கெட்ட வார்த்தையால் திட்டுவதோடு நிறுத்திக்கொள்வார். விமர்சகர்கள் என்ன மதிப்பெண் போட்டார்கள்? அதே எழுபதுகள். பசினோவின் முகம் இருந்தாலும் எழுபது, இல்லாவிட்டாலும் எழுபது. ஒரு மகா நடிகரின் சந்தைப் பெறுமதியை இவ்வளவு இரக்கமில்லாமல் எந்தக் கணக்காளரும் காட்டியிருக்க மாட்டார்.

2009இல் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் இரண்டாம் பாகத்தையும் இறக்கியது. மாமனையும் காணவில்லை, பசினோவையும் காணவில்லை, இந்தத் தடவை மதிப்பெண்ணையும் காணவில்லை. கடையை மூடினார்கள்.

இயக்குநர் கோபம் கோட்ஃபாதரோடு முடிந்த வியாதியும் இல்லை. 2015இல் ‘மேட் மக்ஸ்’ கேம் வந்தது. ‘மெட்டல் கியர் சொலிட் 5’ வெளியான அதே நாளில் வந்து நசிபட்டது. பாலைவனம் அழகு, செய்கிற வேலை ஒன்றே என்று விமர்சகர்கள் சலித்தார்கள். காலம் போகப் போக விளையாடியவர்கள் அதற்கு ரகசியமாக இரசிகர் ஆனார்கள். ஒன்பது வருடம் கழித்து, 2024இல், படங்களின் இயக்குநர் ஜோர்ஜ் மில்லர் ஞாபகம் வந்தவராக, அது தான் நினைத்த அளவுக்கு நன்றாக வரவில்லை என்றார். கேமைச் செய்த கொம்பனியை நிறுவியவர் உடனே பாய்ந்து விழுந்தார். பிள்ளை பள்ளிக்கூடம் முடித்து வேலைக்கும் போன பிறகு வந்து ‘பெயர் வைத்தது சரியில்லை’ என்றால் ஆருக்குத்தான் கோபம் வராது?

படம் எடுத்தவர்களுக்கு விளங்காத சங்கதி சின்னது. எது அசல் என்று தீர்மானிப்பது வெளியான வருடம் இல்லை, ஒருவனிடம் முதலில் வந்து சேர்ந்த ஒழுங்கு. யுத்தம் முடிந்து சில வருடத்தின் பின், எங்கள் சபையில் இருந்த ஒருவன் ஒருவழியாக 1972ஆம் ஆண்டு ‘கோட்ஃபாதர்’ படத்தை இருந்து பார்த்தான். பார்த்துவிட்டு வந்து விமர்சனம் சொன்னான். கதை பாதி ‘நாயகனில்’ இருந்து எடுத்ததாம். ஆல்டோவின் பகுதியை முழுதாக வெட்டி எறிந்திருக்கிறார்களாம், கழிவறைக்குள் துப்பாக்கி தானாக முளைத்தது போலக் காட்டுகிறார்களாம். மைக்கேலாக நடித்த பொடியன் பரவாயில்லை, ஆனால் கேமில் இருந்தவரின் சாயல் இல்லையாம். எல்லாவற்றையும் பொறுக்கலாம், கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் ஓடியும் ஒரு தரமாவது காரை ஓட்ட விடுகிறார்கள் இல்லை என்றான்.