தொட்டில் கட்ட உத்திரம் இருக்கா?

ஏலே பேராண்டி, மொதல்ல உக்காரு. வந்ததும் வராததுமா செல்லைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா காட்டுத. நீச்சல்குளம் நல்லாத்தான் இருக்கு. மெத்தையும் நல்லாத்தான் இருக்கு. எட்டு மாசப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு, குடும்பத்தோட கோவாவுல ஒரு மாசம். ஏசி உண்டு, வைஃபை உண்டு, கடல் நாலு நிமிச நடை. எல்லாம் சரிடே. தொட்டில் கட்ட உத்திரம் இருக்கா?

முழிக்காத. அந்த வீட்டுக்காரங்கிட்ட நூறு கேள்வி கேட்டிருப்ப, இதக் கேட்டிருக்க மாட்ட. போன தை மாசம் தன் கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பின உன் பெரியப்பன் மகன் கேக்கல. கேக்காததுக்கு ஒம்பது பேரு பட்டோம். நீ லீவு கிடைக்கலன்னு தப்பிச்சுக்கிட்ட.

பெனாலிம்ன்னு ஊரு. தெக்குக் கோவா, மட்காவ் ஸ்டேஷன்ல இறங்கினா பக்கம். போகும்போது ஒரு தொல்லை இல்ல. திருநெல்வேலியில ஏறினோம், ரெண்டு பெர்த்துக்கு நடுவுல உங்க ஆச்சி சேலையக் கட்டினா, பிள்ளை அதுக்குள்ள கிடந்துக்கிட்டு கேரளா முழுசையும் தூங்கியே கடந்துட்டு. மங்களூர் தாண்டி ஹொன்னாவர்ல சராவதி ஆத்துப் பாலம் வருது பாரு, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், தடதடன்னு அம்புட்டுச் சத்தம். பிள்ளை கண்ணைத் திறக்கல. எங்க சம்பந்தியம்மாதான் பயந்துபோயி முருகா முருகான்னா.

ஆனா அறைக்குள்ள போயி அண்ணாந்து பாத்தா, மேல அட்டை! வெள்ளையா, வழவழன்னு, கம்பால தட்டினா தொம்முதொம்முங்கு. ஒரு கொக்கி இல்ல, ஒரு கட்டை இல்ல. ராத்திரி ஒம்பது மணிக்கு ஆரம்பிச்ச அழுகை. உங்க மதினி தோள்ல போட்டு நடந்தா. உங்க அண்ணன் செல்லுல தாலாட்டு வச்சான். பிள்ளை அந்தப் பாட்டுக்கு மேல சுருதி கூட்டுச்சு. பன்னெண்டு மணிக்குப் பக்கத்து அறை வெள்ளைக்காரன் கதவைத் திறந்து எட்டிப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம மூடிக்கிட்டான். அவன் வஞ்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

கடைசியில உங்க ஆச்சிதான் தீர்ப்பு சொன்னா. சேலையோட ஒரு முனைய உன் பெரியப்பன் கையில குடுத்தா, மறுமுனைய உன் மாமன் கையில. ஒருத்தன் பேங்கு மேனேஜர், இன்னொருத்தன் தலைமையாசிரியர். நம்ம கீழ்க்காட்டு வரப்புத் தகராறுல நாலு வருசமா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, உனக்குத் தெரியும்லா? கல்யாண வீட்டுப் பந்தியிலகூட எதிரெதிர் வரிசையில உக்காரமாட்டானுக. அந்த ரெண்டு பேரும் நட்டநடு ராத்திரியில, லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, நடுவுல பிள்ளையப் போட்டு ஆட்டுதானுக. ஒருத்தன் இழுக்க, மத்தவனும் இழுக்க, பிள்ளை முறுக்கிக்கிட்டு அலறுது. "நீரு விடும், நான் இழுக்கேன்"ன்னான் உன் மாமன். நாலு வருசத்துல மொத வார்த்தை அதுதான். மூணு மணி வரைக்கும் ஆட்டினானுக. நான் முழிச்சுக் கிடந்து போர்வைக்குள்ள சிரிச்சேன். வரப்பு இன்னும் அப்படியேதான் கிடக்கு, அது வேற.

விடிஞ்சதும் மொத வேலையா வீட்டை மாத்தினோம். ரெண்டு தெரு தள்ளி ஒரு பழைய ஓட்டு வீடு. வாசல்ல ரெண்டு பக்கமும் கல்லு மேடை போட்டிருக்கான். அதை அவுக பல்காவுங்காக. என்னத்த பல்காவு, நம்ம திண்ணைதான். சன்னல்ல கண்ணாடிக்குப் பதிலா சிப்பி ஓட்டைத் தகடு தகடாப் பதிச்சிருக்கு, மத்தியான வெயிலு அதுக்குள்ள பூந்து நிலா மாதிரி விழுது. அதையெல்லாம் நான் அப்புறந்தான் பாத்தேன். மொதல்ல பாத்தது மேல. தொடை தண்டிக்கு மரத்துல உத்திரம்! கயிறைப் போட்டு இழுத்துப் பாத்தேன், யானையக் கட்டலாம். உங்க ஆச்சி சேலையக் கட்டி முடிக்கதுக்குள்ள பிள்ளைக்குக் கொட்டாவி வந்துட்டு.

சரி, கடலு. அதுக்குத்தான போறீக? சாயங்காலம் ஒம்பது பேரும் கரையில வரிசை கட்டி நிக்கோம். பிள்ளை மொதமொதக் கடலைப் பாக்கப் போகுதாம், அதைப் பிடிக்க ஆறு செல்லு. உங்க அண்ணன் பிள்ளையத் தூக்கி அலைக்கு நேராக் காட்டினான். பிள்ளை பாத்துச்சு. ஒரு கொட்டாவி விட்டுச்சு. அப்புறம் தலையத் திருப்பி, மணல்ல ஒரு நாயி காதைச் சொறிஞ்சுக்கிட்டுக் கிடந்ததப் பாத்து கெக்கெக்கேன்னு சிரிச்சிச்சே பாரு, ஊரே திரும்பிப் பாத்துட்டு. அந்த நாயி நம்ம தெருவுலயும் கிடக்குடே. ரயில் சத்தம் கேக்காமலே பாத்திருக்கலாம்.

அந்த ஊர்ல பிள்ளைக்குப் பிடிச்சுப்போன இன்னொரு ஆளு ரொட்டிக்காரன். பொதேர்ன்னு பேரு. வெள்ளன சைக்கிள்ல மூங்கில் கூடையக் கட்டிக்கிட்டு, ரப்பர் ஹாரனை பாம் பாம்ன்னு அமுக்கிக்கிட்டு வருவான். சாயங்காலமும் வருவான். அந்தச் சத்தம் கேட்டா பிள்ளை தொட்டிலுக்குள்ள இருந்தே காலை உதறும். அவன்கிட்ட தவிட்டு ரொட்டி ஒண்ணு உண்டு, போயின்னு பேரு, உள்ளங்கை அகலத்துக்கு உப்பிக்கிட்டு இருக்கும். சட்னியோட நல்லாருக்கும். உங்க ஆச்சி மட்டும் ரொட்டி திங்கதெல்லாம் காய்ச்சக்காரன்னு மூணு நாள் வீம்பா இருந்தா. நாலாம் நாள் ரெண்டு போதாதுன்னா.

அதனால பேராண்டி, பிள்ளைக்குக் கடலு காட்டப் போறோம்ன்னு ஊரெல்லாம் சொல்லாத. கடலு உனக்கு வேணும். வேணும்ன்னா போ, தப்பில்ல. பிள்ளைத் தலையில ஏன் பழியப் போடுத?

போறதுன்னு ஆச்சுன்னா, அந்த ஊரை எதுக்குத் தேர்ந்தெடுக்கணும்ன்னு நான் சொல்லுதேன் கேளு. மட்காவ் கடைத்தெருவுல மத்தியானம் ஒரு மணி ஆச்சுன்னா பாதிக்கடை ஷட்டரு இறங்கிரும். நாலு மணி வரைக்கும் தூக்கம். சுசேகாத்ங்கான். போர்த்துக்கீசியன் 1961-ல போயிட்டான், எனக்கு அப்பப் பத்து வயசு. அந்த வார்த்தை மட்டும் இவுககிட்ட தங்கிட்டு. நம்ம ஊர்ல பகல்ல படுத்தா சோம்பேறி, அங்கன படுத்தா பண்பாடு. அந்த நேரந்தான் பிள்ளையும் தூங்குத நேரம். ஊரே கைப்பிள்ளை நேரத்துக்கு நடக்கு! நீயும் அப்படி நடந்தா பிழைச்ச. காலையில ஒம்பது மணிக்குள்ள கரைக்குப் போயிட்டு வந்துரு, சாயங்காலம் அஞ்சுக்கு மேல மறுபடி போ. நடுவுல திண்ணையும் தொட்டிலும். அதை விட்டுட்டு, காலையில கோட்டை, மத்தியானம் அருவி, ராத்திரி சந்தைன்னு தாள்ல எழுதி வச்சிருக்கியே, அதை மடிச்சுக் கப்பலு செஞ்சு பிள்ளைகிட்ட குடு. நல்லாக் கிழிக்கும்.

பழைய கோவாவுல பொம் ஜேசு கோயில் இருக்கு, சவேரியார் உடம்பு அங்கனதான் இருக்கு. 1542-ல நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்தாருல்லா, மணப்பாட்டுக் குகையில தங்கினாருல்லா, அவரேதான். நம்ம பக்கத்து ஆளைப் பாத்த மாதிரி எனக்கு ஒரு சந்தோசம். ஆனா பிள்ளைய விட்டுட்டுத்தான் போனேன். அவரு நானூறு வருசத்துக்கு மேலயா அங்கனயே இருக்காரு, நாளைக்கும் இருப்பாரு. பிள்ளை மூணு மணி நேரம் கார்ல இருக்காது.

தாயி, நீயும் கேட்டுக்கோ. பிள்ளைக்குச் சோறு என்ன பண்ணப்போறோம்ன்னு கவலைப்படாத. உங்க ஆச்சி போன தடவை பத்துக் கிலோ இட்லி அரிசி, ரெண்டு லிட்டர் கிரைண்டர், எலுமிச்சை ஊறுகான்னு மூட்டை கட்டினா. ஊறுகா ரயில்லயே ஒழுகி உன் மாமன் வேட்டி மஞ்சளாயிட்டு. அங்கன போயி பாத்தா, வீட்டுக்காரம்மா பதினோரு மணிக்கு ஒரு சட்டியில பேஜ்ன்னு கொண்டாரா. மூடியத் திறந்தா நம்ம புழுங்கலரிசிக் கஞ்சி! அரிசி கொஞ்சம் செவப்பு, கொஞ்சம் தடிமன், அம்புட்டுதான் வித்தியாசம். அதைக் குழைய வேகவச்சு மசிச்சுக் குடுத்தோம், பிள்ளை நக்கித் தின்னுச்சு. நாங்க கருவாட்டைச் சுட்டு வச்சுக்கிட்டுக் குடிச்சோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, உங்க ஆச்சிக்குக் கொங்கணி தெரியாது. ரெண்டு பேரும் தெனமும் ஒரு மணி நேரம் பேசினாளுக. மருமகளைப் பத்தித்தான் இருக்கும், முகத்தைப் பாத்தாலே தெரியும்லா.

ஒரு வயசு வரைக்கும் பிள்ளை நாக்குல தேன் வைக்காத. இதை நான் சொல்லல, நம்ம டாக்டரம்மா சொன்னது. உங்க அப்பனுக்குப் பிறந்த அன்னைக்கே நான் தேன் தொட்டு வச்சேன், அவன் பிழைச்சுக்கிட்டான், ஆனா புத்தியப் பாத்தியா? வசம்பும் வேணாங்காக. ஆச்சி முந்தானையில முடிஞ்சு வச்சிருப்பா, சோதனை போட்டுட்டு ஏத்து. வெயில்ல பிள்ளைக்குக் களிம்ப அப்புறத விட நிழலு நல்லது. குடை, நூல் சட்டை, தொப்பி. கடல் தண்ணியில காலை நனைச்சா நல்ல தண்ணியில அலசிவிடு, உப்புக் காஞ்சா அரிக்கும். மணலைத் திங்கும், கையத் தட்டிவிடு, மறுபடியும் திங்கும், மறுபடியும் தட்டிவிடு. கரையில செவப்புக் கொடி பறந்தா நீயும் இறங்காத. உப்புச்சர்க்கரைப் பொடி ஒரு பத்துப் பாக்கெட், அதான் ஓஆர்எஸ்ங்கீகளே அது, பையில கிடக்கட்டும். கொசுவலை கட்டாயம்.

இன்னொண்ணு. அங்கன இருக்கும்போதே பிள்ளைக்கு ஒம்பது மாசம் முடியும். தட்டம்மை ஊசி போடணும்லா? ஊருக்கு வந்து போட்டுக்கலாம்ன்னு தள்ளாத. ஊசி அட்டைய எடுத்துக்கிட்டு அங்கன உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனா போட்டுவிடுவாக. உங்க அண்ணன் பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வந்தான், ஊசி அட்டைய மேசை மேல வச்சுட்டு வந்தான். கோவாவுக்கு என்னத்துக்குடே பாஸ்போர்ட்டு?

ப்ளேன்லதான் போவேன்ங்குத. சரி, பணம் உன்னுது. ரெண்டு ஏர்போர்ட் இருக்கு, டபோலிம்ல இறங்கு. மோப்பா வடக்கு மூலை, அங்கன இறங்கினா கோவாவ நீளவாக்குல முழுசா அளந்துதான் பெனாலிம் வரணும். ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைக்குப் பால் குடுக்கணும், காது அடைக்காது. ஆனா ப்ளேன்ல சேலை கட்ட விடமாட்டான். நல்லா யோசிச்சுக்கோ.

இப்ப ஆளு கணக்கு. பதினோரு பேரா? கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? பிள்ளைய வச்சுக்க நாலு கை போதும், மத்ததெல்லாம் காபி கேக்குத வாயி. வெட்டு. உன் பெரியப்பன் வேணாம். போன தடவை சளிக்கு மருந்துன்னு ஒரு பாட்டில் முந்திரி ஃபெனி வாங்கினான். கொல்லாம்பழத்தைப் பிழிஞ்சு புளிக்கவச்சுக் காச்சுத சரக்கு, நாத்தம் தெரு முக்கு வரைக்கும் அடிக்கும். 2009-ல அதுக்குப் புவிசார் குறியீடு வேற குடுத்திருக்காகளாம், பொட்டிக்கடையில அதைச் சொல்லித்தான் என் தலையில கட்டினான்... அவன் தலையில கட்டினான். அவனுக்குச் சளி கடைசி வரைக்கும் தீரல. உன் அத்தை வேணாம், பிள்ளை தூங்கும்போதுதான் போட்டோ எடுப்பா. சம்பந்தியம்மா நல்ல பொம்பள, ஆனா குறட்டை. உன் சேக்காளி எதுக்கு வாரான்? அவனுக்கும் பிள்ளைக்கும் என்ன உறவு?

நானா? எனக்கு என்னடே அங்கன சோலி? வயசு எழுபத்தஞ்சாச்சு. போன தடவை காலையில கரையில ராம்பொண் வலை இழுத்தானுக, நம்ம பக்கத்துக் கரைவலைதான், நானும் சும்மா ஒரு கை குடுத்தேன். கைநிறைய மீனை அள்ளிக் குடுத்தானுக. பேரு ஊரு கேக்கல, விலையும் கேக்கல. அதெல்லாம் இப்ப எதுக்கு. சூரியன் நம்ம திருச்செந்தூர்க் கடல்ல முளைக்கும், அந்தக் கடல்ல முங்கும். ஒரு மனுசன் ரெண்டையும் ஒரு தடவை பாத்தா போதும்.

ஆனா உத்திரத்தை யாரு பாப்பா? நீ பாத்தா அட்டைக்கும் கட்டைக்கும் வித்தியாசம் தெரியுமா? கயிறு முடிச்சு உனக்குத் தெரியுமா, ஷூ நாடாவையே உங்க ஆச்சிதான கட்டிவிட்டா காலேஜ் போறவரைக்கும்? நல்ல நைலான் கயிறு பதினஞ்சு முழம் வாங்கி வச்சிருக்கேன், பரண்மேல இருக்கு. பழைய நூல் சேலை ரெண்டு துவைச்சுக் காயுது, கொல்லையில போயி பாரு.

ஆச்சிகிட்ட மட்டும் இப்பச் சொல்லிராத, உடனே பொட்டி கட்ட ஆரம்பிச்சிருவா. கட்டி முடிச்சு ரெண்டு நாளாச்சு. கிரைண்டர் இந்தத் தடவை சின்னதுதான்.

லோயர் பெர்த் ரெண்டு. எழுதிக்கோ.